கப்பல் சுற்றுலா: மலையிலிருந்து இறங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் ரயில், விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை எங்களுடையது. கொஞ்ச காலமாகக் கப்பலையும் சேர்த்துக் கேட்கிறார்கள். ஒரு குடும்பம் போய்வந்து வாட்ஸ்அப்பில் படம் போட்டால் போதும், அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து நாலு பேர் கடைக்கு வந்துவிடுவார்கள். சந்தேகங்களும் அநேகமாக ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதிலை எழுதியிருக்கிறேன். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். கொடைக்கானல்காரர்கள் மலைப்பாதையின் பெயரை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

ஏங்க, குரூஸ்னா அந்தமான் போற கப்பல் மாதிரிதானே?

இல்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஓடும் அரசுக் கப்பல், ஆளையும் சாமானையும் ஊர் சேர்ப்பதற்காக ஓடுவது. ஏறக்குறைய மூன்று நாள் கடலில் இருப்பீர்கள். படுக்க இடமும் கேன்டீனும் உண்டு, அவ்வளவுதான். குரூஸில் கப்பலே நீங்கள் தங்கும் ஓட்டல். அறை, சாப்பாடு, நீச்சல் குளம், நாடக அரங்கு எல்லாம் அதற்குள்ளேயே. பெரும்பாலும் இரவில் ஓடும், பகலில் ஏதாவது ஒரு துறைமுகத்தில் நிற்கும். இறங்கிச் சுற்றிவிட்டு மாலையில் திரும்பி ஏறிக்கொள்ளலாம். பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்து அடுக்கினால் போதும் என்பதுதான் வயதானவர்களுக்கு இதில் பெரிய நிம்மதி.

அளவு தெரியவேண்டுமானால், நம் நாட்டுத் துறைமுகங்களிலிருந்து கார்டீலியா கம்பெனி ஓட்டும் எம்ப்ரஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. 211 மீட்டர் நீளம், 11 தளம். 2024-ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 365 மீட்டர். அதில் 7,000 பேருக்கு மேல் பயணம் செய்யலாம். முதல் பயணத்துக்கு அவ்வளவு பெரிய கப்பல் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். வழி கண்டுபிடிப்பதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும்.

எங்கே போய் ஏறணும்? நமக்குக் கிட்டக்க எது?

தூரத்தை மட்டும் பார்த்தால் கொச்சிதான் கிட்டே. ஆனால் கொச்சியில் வந்து நின்று போகும் கப்பல்கள்தான் அதிகம், அங்கிருந்தே கிளம்புபவை குறைவு. கார்டீலியா 2022 ஜூனிலிருந்து சென்னையிலும் ஆள் ஏற்றுகிறது. ஆனால் ஆண்டு முழுக்க ஒரே துறைமுகத்தில் இருக்காது, பருவத்தைப் பொறுத்து மும்பைக்கும் சென்னைக்கும் இடம் மாறும். அதனால் "சென்னையிலிருந்து இருக்கிறதா" என்று கேட்பதைவிட "இந்த மாதம் எங்கிருந்து இருக்கிறது" என்று கேளுங்கள்.

மூன்றாவது வழி சிங்கப்பூர். கோயம்புத்தூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போய்வரும் மூன்று, நாலு நாள் பயணங்கள் நிறைய. மும்பைக்குப் போய் ஏறுவதைவிடச் சில சமயம் இது அலைச்சல் குறைவு.

விளம்பரத்துல போட்டிருக்கிற ரேட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்களா?

மாட்டார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஓர் ஆளுக்கு ஆவது. அதன்மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ் சேரும். டிப்ஸ் விருப்பப்பட்டால் கொடுப்பது என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான கம்பெனிகள் நாள் கணக்கில் பில்லிலேயே சேர்த்துவிடும். அமெரிக்கக் கம்பெனிகளில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை போகிறது. கைக்குழந்தையைத் தவிரப் பிள்ளைகளுக்கும் உண்டு. நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒற்றை ஆளாகப் போனால் பல கப்பல்களில் இரண்டு ஆள் காசு கேட்பார்கள், ஏனென்றால் அறை இரண்டு பேருக்கானது. அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளுக்கு ரேட் குறையும். வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து துறைமுகம் வரை போய்வரும் செலவையும் இத்துடன் கூட்டுங்கள். மலையில் இருக்கும் நமக்கு அது சின்னத் தொகை இல்லை.

சாப்பாடு எல்லாம் ஃப்ரீன்னு சொன்னாங்களே?

பொது உணவுக்கூடமும் பஃபேயும் டிக்கெட்டிலேயே அடக்கம். எத்தனை தடவை வேண்டுமானாலும் சாப்பிடலாம். சாராயம், குளிர்பானம், நல்ல காபி, தனியாக இருக்கும் விசேஷ ரெஸ்டாரண்டுகள், இன்டர்நெட், துறைமுகத்தில் அவர்களே கூட்டிப்போகும் சுற்றுலா, ஸ்பா இதெல்லாம் தனிக் காசு.

கப்பலுக்குள் கையில் பணம் கொடுக்க மாட்டீர்கள். அறைச் சாவியாக ஓர் அட்டை தருவார்கள், எல்லாச் செலவும் அதில் ஏறும். கடைசி நாள் கிரெடிட் கார்டில் கழித்துக்கொள்வார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உத்தேசமாக ஒரு தொகையை வங்கியில் முடக்கி வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். முடிந்தவரை கிரெடிட் கார்டே கொடுங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனி அட்டை வரும். அதில் செலவு செய்ய முடியாதபடி முதல் நாளே சேவை மையத்தில் சொல்லிப் பூட்டிவிடுங்கள். ஐஸ்கிரீம் இலவசமாகக் கிடைக்கும் கப்பலிலேயே காசு கொடுத்து வாங்கும் ஐஸ்கிரீமும் இருக்கும். பிள்ளைகள் எதைக் கேட்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஜன்னல் இல்லாத ரூம் சீப்பா இருக்கு. மூச்சு முட்டாதா?

முட்டாது, காற்றோட்டம் நன்றாகவே இருக்கும். ஆனால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. தூங்க மட்டும் அறைக்கு வருகிறவர்களுக்கு அது போதும். மூடின இடம் என்றால் படபடப்பு வருகிறவர்களும், அறையை விட்டு அதிகம் நகர முடியாத பெரியவர்களும் கடல் தெரியும் ஜன்னல் அறையோ பால்கனியோ எடுக்கலாம்.

எந்த வகை எடுத்தாலும் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, கீழ்த் தளம் என்று கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல் தளத்தில் நடன அரங்குக்கு நேர் கீழே அறை கிடைத்தால் இரவு பன்னிரண்டு வரை மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளமாகப் பார்த்து எடுங்கள். ரேட் ரொம்பக் குறைவாகக் காட்டி, "அறை எண்ணைக் கம்பெனியே ஒதுக்கும்" என்று போட்டிருந்தால் இதில் எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

எந்த மாசம் போறது நல்லது?

அரபிக் கடல் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். மும்பை, கொச்சி, லட்சத்தீவுப் பயணத்துக்கு அது காலமில்லை. வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு பக்கம் போகும் மலாக்கா நீரிணைக்கு ஒருபுறம் சுமத்ரா தீவு, மறுபுறம் மலேசியா. அதனால் ஆண்டின் பெரும்பகுதி அலை அடங்கியே இருக்கும்.

நம் பக்கத்துக் கணக்கு வேறு. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, ஆனால் மலர்க் கண்காட்சி சீசன். கடை, காட்டேஜ், டாக்ஸி வைத்திருக்கும் குடும்பத்தில் யாரும் அப்போது அசைய முடியாது. டிசம்பர், ஜனவரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை. ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்தவர்கள் அந்த நாட்களை விட்டுவிட்டு எங்கும் போகமாட்டார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தால் பலருக்கு மிஞ்சுவது ஜூலை, ஆகஸ்ட், அல்லது பண்டிகை முடிந்த பிறகு பிப்ரவரி. ஜூலை என்றால் சென்னையோ சிங்கப்பூரோ, பிப்ரவரி என்றால் மும்பை, கொச்சி, லட்சத்தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் வேணுமா, ஆதார் போதுமா?

இந்தியத் துறைமுகங்களை மட்டும் தொட்டுவரும் பயணத்துக்கு ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அடையாள அட்டை போதும். லட்சத்தீவில் இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் பெரும்பாலும் கப்பல் கம்பெனியே வாங்கித் தரும், நீங்கள் விவரத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இலங்கையைத் தொட்டாலே பாஸ்போர்ட் கட்டாயம். திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும்.

சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கப்பல் ஏறியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது மறுபடி உள்ளே நுழைகிறீர்கள். அதனால் பலமுறை நுழையும் விசா இருக்க வேண்டும், வருகை அட்டையையும் இரண்டு தடவை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் வந்தால் வேறு ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்து இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் பெயர் வர வேண்டும். எங்கள் கடையில் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் பெயர் அடிப்பதே இல்லை.

பர்லியார் தாண்டறதுக்குள்ள வாந்தி எடுக்கிற ஆளு நான். கப்பல்ல எப்படித் தாங்குவேன்?

இதைக் கேட்காத குடும்பமே இல்லை. பஸ்ஸில் வாந்தி வருவதும் கப்பலில் வருவதும் ஒரே காரணத்தால்தான். உள்காது "ஆடுகிறோம்" என்கிறது, எதிர் சீட்டையோ போனையோ பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. இந்த முரண்பாட்டில் வயிறு கலங்குகிறது. ஆனால் மேட்டுப்பாளையம் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் உங்களை ஒவ்வொரு நிமிடமும் இடமும் வலமும் வெட்டி இழுக்கும். பெரிய கப்பல் அப்படி வெட்டாது, மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும். நீருக்கடியில் இரண்டு பக்கமும் துடுப்பு போன்ற தகடுகள் இருந்து அந்தச் சாய்வையும் குறைக்கும். மலைப்பாதையில் படாதபாடு படும் பலர் கப்பலில் சாதாரணமாக இருந்துவிடுகிறார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

அறையை எங்கே எடுப்பது என்று மேலே சொல்லிவிட்டேன். நம்மூர் மெடிக்கலில் மலைப்பாதைக்கு வாங்கும் அவோமின் மாத்திரை இங்கும் உதவும். ஆனால் குமட்டல் வந்தபிறகு போட்டுப் பயனில்லை, முன்னாலேயே போட வேண்டும். தூக்கம் வரும், அதோடு மதுவைச் சேர்க்கக் கூடாது. கண் அழுத்தமோ புரோஸ்டேட் தொந்தரவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். தலை சுற்ற ஆரம்பித்தால் அறையில் படுத்து போன் பார்க்காதீர்கள். திறந்த தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் கூடாது, பிதுங்கும் வயிறும் கூடாது. பிரெட் டோஸ்டும் இஞ்சியும் கேட்டால் கொடுப்பார்கள்.

"ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாமா" என்று சிலர் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலைச் சொல்கிறார்கள். அது சின்னக் கப்பல், ஆட்டம் அதிகம். அதில் வாந்தி எடுத்துவிட்டுப் பெரிய கப்பலை ஒதுக்கிவிடாதீர்கள். கொச்சியில் கேரள அரசு நிறுவனத்துக்குச் சொந்தமான நெஃபர்டிட்டி என்ற கப்பல், கடலுக்குள் சில மணி நேரம் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும். அதுவும் சின்னதுதான், ஆனால் பயம் தெளிய அது போதும்.

நீச்சல் தெரியாது. டைட்டானிக் மாதிரி ஆயிட்டா என்ன பண்றது?

நடுக்கடலில் நீச்சல் தெரிந்தும் பெரிய உபயோகமில்லை, உயிர்காப்புப் படகுதான் காப்பாற்றும். 1912-ல் டைட்டானிக்கில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் படகில் இடம் இருந்தது. அந்த விபத்தால்தான் 1914-ல் கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை வந்தது. இப்போது வெளிநாட்டுக் கடலில் ஓடும் பயணிகள் கப்பலில் படகுகளும் மிதவைகளும் சேர்ந்து, உள்ளே இருப்பவர்களைவிடக் கால் பங்கு அதிகம் பேருக்கு இடம் தர வேண்டும்.

ஏறிய அன்றே ஒரு பயிற்சி இருக்கும். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவார்கள். அந்த இடத்தின் எண் உங்கள் அட்டையிலேயே இருக்கும். ஏழு குறுகிய ஊதல், அதன்பின் ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அங்கே போய் நிற்க வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை முடிக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். பஃபேயில் கூட்டம் குறைவு என்று அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடாதீர்கள். பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் சாயங்காலம்தானே கிளம்புது? அன்னிக்குக் காலைல மலை இறங்கினா போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதியதிலேயே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிக்கெட்டில் ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஐந்து மணிக்குப் போய் ஏறுவது இல்லை. ஒரு மணி நேரம், சில கம்பெனிகளில் இரண்டு மணி நேரம் முன்பே கதவை அடைத்துவிடுவார்கள். பயணிகள் பட்டியலைத் துறைமுக அதிகாரிகளுக்குக் கொடுத்தபிறகு கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள். கட்டிய காசும் வராது.

நம் பாதையின் குணம் உங்களுக்குத் தெரியாததில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும், மலை ரயிலையும் நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் அடி வாங்கும். எனவே மழைக்காலத்தில் எந்தப் பக்கமாக இறங்குவது என்பதை மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மழையே இல்லாவிட்டாலும் கேத்தி கேரட் லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்றால் இரண்டு மணி நேரம் போச்சு. மே மாதத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். பெங்களூரில் விமானம் பிடிக்கும் கூடலூர்க்காரர்கள், பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருப்பதை மறந்துவிடக் கூடாது.

கப்பல் ஏறும் ஊரில் முந்தின நாள் இரவே படுத்திருக்க வேண்டும், இதுதான் நான் சொல்லும் கணக்கு. சென்னை என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில் சென்ட்ரலில் விடும். அன்றைக்கே கப்பல் ஏற நேரம் இருக்கும்தான். இருந்தாலும் ஒரு நாள் முன்னால் போகும் ரயிலுக்கே நான் டிக்கெட் போடுவேன். லாட்ஜ் வாடகை வீண் என்று வாதாடுகிறவர்கள், கப்பல் டிக்கெட்டின் விலையை ஒருமுறை பார்த்துவிட்டு வாதாடட்டும்.

ஸ்வெட்டர் எடுத்துக்கணுமா? வேட்டி, சேலை கட்டலாமா?

வெளியே கடல் வெயில், உப்புக் காற்று, புழுக்கம். குளிருக்குப் பழகிய உடம்பு முதல் நாள் துவண்டுவிடும். தோலும் சீக்கிரம் கருகும், அதனால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும். உள்ளே அரங்கிலும் உணவுக்கூடத்திலும் ஏசி நடுக்கும். வீட்டில் போட்டிருக்கும் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும், ஜெர்கின் வேண்டாம். சேலை, வேட்டி தாராளமாகக் கட்டலாம். விருந்து இரவு என்று ஒன்று வைப்பார்கள், அன்றைக்குப் பட்டுச்சேலைக்கு இருக்கும் மரியாதையே தனி. நீச்சல் குளத்தில் மட்டும் நீச்சல் உடையில்தான் இறங்க விடுவார்கள்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவத்தி, ஊதுபத்தி எதையும் அனுமதிக்க மாட்டார்கள், தீ பயம். மருந்து, மாற்றுடை, பாஸ்போர்ட் மூன்றையும் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். கடைசி இரவு பெட்டியைப் பூட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டியதை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் பூட்டுங்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, லுங்கியோடு துறைமுகத்தில் இறங்கினார். ஹட்டியில் இன்றைக்கும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

நாங்க சுத்த சைவம். பொடி, ஊறுகாய் எடுத்துட்டுப் போகலாமா? டீ எப்படி இருக்கும்?

இந்தியாவிலிருந்து கிளம்பும் கப்பலில் சைவத்துக்குப் பஞ்சமே இல்லை, ஜைன சாப்பாடும் கிடைக்கும். சிங்கப்பூர்க் கப்பல்களிலும் இந்தியச் சாப்பாடு உண்டு. டிக்கெட் போடும்போதே சைவம் என்று பதிவு செய்யுங்கள். தாய்லாந்து வகைக் காய்கறிக் குழம்பில் மீன் சாறு கலந்திருக்கலாம், கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சமைத்ததைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். ஒட்டிய பாக்கெட்டில் உள்ள தின்பண்டத்தைப் பொதுவாக விடுவார்கள். வர்க்கி பிரச்சினையில்லாமல் போகும், நொறுங்காமல் போகுமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கசகசாவோ கசகசா அரைத்த குருமாப் பொடியோ எடுத்துப்போகவே கூடாது. அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

டீ விஷயத்தில் நம்மவர்கள் படும் துன்பம் பெரிது. பஃபே மூலையில் வெந்நீர்க் குழாய், நூல் கட்டிய டீப் பை, விரல் நகம் அளவு கப்பில் பால். அந்த வெந்நீர் கொதிக்காது, சுடும், அவ்வளவுதான். அதில் சாயம் இறங்குவதற்குள் ஆறிவிடும். தோட்டத்து டீ குடித்துப் பழகியவர்கள் தூள் ஒரு பாக்கெட், சின்ன வடிகட்டி, ஸ்டீல் ஃபிளாஸ்க் மூன்றும் எடுத்துப் போங்கள். ஃபிளாஸ்கை முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, தூள் போட்டு, மறுபடி வெந்நீர் பிடித்து மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். சூடான பால் வேண்டுமென்று பணியாளரிடம் கேட்டால் தனிக் குவளையில் கொண்டுவந்து கொடுப்பார்.

போன் எடுக்குமா?

கரையை விட்டு விலகியதும் நம் சிம் எடுக்காது. கப்பலின் சொந்த நெட்வொர்க்கை போன் தானாகப் பிடித்தால் பில் பயங்கரமாக வரும். ஏறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். வேண்டுமானால் கப்பலின் வைஃபை வாங்குங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு போன் போதும்.

அம்மாவுக்கு 74 வயசு, பிரஷர், சுகர் ரெண்டும் இருக்கு. கூட்டிட்டுப் போகலாமா? பொண்ணு மாசமா இருக்கா, பேரன் கைக்குழந்தை...

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும், டாக்டரும் இருப்பார். ஆனால் அந்த டாக்டர் இலவசமில்லை. ஒரு தடவை பார்ப்பதற்கே பெரிய பில் வரும். பெரிய அவசரம் என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள். அதனால் பழைய நோய்களையும் கப்பலிலிருந்து மாற்றிக் கொண்டுபோகும் செலவையும் சேர்த்த பயணக் காப்பீடு வேண்டும். பிரஷர், சுகரை மறைத்து வாங்கிய காப்பீடு காகிதத்துக்குச் சமம். மாத்திரையைச் சீட்டோடு, இரண்டு மூன்று நாளைக்குக் கூடுதலாக எடுத்துவையுங்கள். அம்மாவின் அறையை லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள், நடைவழி அவ்வளவு நீளம்.

கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கம்பெனிகள் 24 வாரம் தொட்டால் ஏற்றாது. பயணம் முடியும் நாளில் எத்தனை வாரம் என்றுதான் பார்ப்பார்கள், கிளம்பும் நாளில் இல்லை. கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், நீண்ட கடல் பயணத்துக்கு ஒரு வயது. மற்றபடி எல்லோருக்கும் ஒரே ஒரு சொல்: கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி ஒன்று பரவினால் வேகமாகப் பரவும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், சானிடைசர் அதற்குச் சரியாக வேலை செய்யாது.

நாள் பூரா தண்ணியையே பார்த்துட்டு என்ன பண்றது? போரடிக்காதா?

போரடிப்பது எல்லாவற்றையும் செய்ய நினைப்பவர்களுக்குத்தான். தினமும் இரவு அறைக்கு மறுநாள் நிகழ்ச்சி நிரல் வரும், அல்லது ஆப்பில் வரும். மாயாஜாலம், பாட்டு, வினாடி வினா, ராட்டினம் என்று காலையிலிருந்து நள்ளிரவு வரை நிரம்பியிருக்கும். அதில் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேடை நிகழ்ச்சிக்கு முன்பதிவு இருந்தால் ஏறிய உடனே செய்துவிடுங்கள், மற்றவர்கள் பஃபேக்கு ஓடும் நேரம் அது.

காலை ஐந்தரைக்கு மேல் தளத்துக்குப் போய்ப் பாருங்கள், கூட்டமே இருக்காது. துறைமுகத்துக்குள் நுழையும்போது வழிகாட்டி மாலுமி சின்னப் படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏறுவார். எங்கள் வீட்டில் அதைப் பார்ப்பதற்காகவே அலாரம் வைப்போம், வேறு எந்த நிகழ்ச்சிக்கும் வைத்ததில்லை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ஏற்கெனவே பார்த்த ஊர் என்றால் நீங்கள் இறங்காமல் இருந்துவிடுங்கள், நீச்சல் குளம் முழுக்க உங்களுக்குத்தான். சூதாட்டக் கூடம் கடலுக்குள் போனபிறகுதான் திறக்கும். அது திறக்காமலே இருந்தாலும் நஷ்டமில்லை.

ஊர் சுத்தப் போய் லேட்டாயிட்டா கப்பல் நிக்குமா?

கப்பல் கம்பெனியே கூட்டிப்போன சுற்றுலாவில் தாமதமானால் காத்திருப்பார்கள். நீங்களாக டாக்ஸி பிடித்துப் போயிருந்தால் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ப் பிடிக்க வேண்டும். தனியாகப் போகிறவர்கள், ஏறச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றும் கொஞ்சம் உள்ளூர்ப் பணமும் பையில் இருக்கட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பிந்தி. கப்பல் பல சமயம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், உங்கள் போன் மட்டும் கரையில் தானாக மாறிக்கொள்ளும். போனை நம்பினால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்பீர்கள். கையில் சாதாரண வாட்ச் ஒன்றைக் கட்டிக் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். புக்கெட், லட்சத்தீவு போன்ற இடங்களில் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு, சின்னப் படகில்தான் கரைக்கு அனுப்புவார்கள். திரும்பும் படகுக்கும் வரிசை இருக்கும்.

காசு கட்டினப்புறம் போற ஊரையே மாத்திட்டாங்கன்னா பணம் திரும்ப வருமா?

பெரும்பாலும் வராது. வானிலை, துறைமுக நெருக்கடி எதற்காகவும் வழியை மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். விட்டுப்போன துறைமுகத்தின் கட்டணத்தையும் கம்பெனியிடம் வாங்கிய சுற்றுலாக் காசையும் திருப்பித் தருவது வழக்கம். வெளியே நீங்களாகப் பதிவு செய்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. ஒரே ஓர் ஊரைப் பார்ப்பதற்காகக் கப்பல் ஏறாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த ஊருக்கு விமானத்தில் போய்விடலாம்.

குளிர் நமக்குப் பழக்கம்தானே. நேரா அலாஸ்கா போனா என்ன?

போகலாம். மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். ஜூலையில் ஜூனோ நகரத்து வெப்பநிலை ஏறக்குறைய ஊட்டி ஜூலைதான், அந்த விஷயத்தில் உங்களுக்குப் புதுசாக எதுவும் இல்லை. பனிப்பாறை கடலில் உடைந்து விழுவது நிச்சயம் புதுசு. இடைஞ்சல் விசா. அமெரிக்க விசா எப்படியும் வேண்டும். வான்கூவரில் ஏறினாலும், சியாட்டிலில் ஏறி வழியில் கனடாத் துறைமுகத்தைத் தொட்டாலும் கனடா விசாவும் சேர்த்து. நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் விசா கைக்கு வந்தபிறகு கப்பலைப் பாருங்கள். ஐரோப்பாவிலும் அதே கதை. இத்தாலியில் ஏறி துருக்கி போய் கிரீஸ் திரும்பினால், சிங்கப்பூருக்குச் சொன்ன மாதிரி பலமுறை நுழையும் விசா வேண்டும். முதல் பயணமாக இதை எடுக்காதீர்கள். பக்கத்தில் மூன்று நாள் போய்வந்து, கப்பல் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்தபிறகு இவ்வளவு செலவு செய்யலாம்.

திரும்பி வந்த அன்னிக்கே மலை ஏறிடலாமா?

ஏறலாம், நான் ஏறச் சொல்லமாட்டேன். இறங்கியபிறகும் ஒன்றிரண்டு நாளைக்குத் தரை ஆடுவது போல இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, தானாகப் போய்விடும். அந்த ஆட்டத்தோடு கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்த்தால், கப்பலில் வராத வாந்தி கல்லாரிலேயே வரும். வண்டியை நீங்கள் ஓட்டுவதாக இருந்தால் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள். கப்பலின் ஆட்டம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

விமான நிலையத்தில் வெளியூர் டாக்ஸி பிடிப்பவர்கள் நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் விதியை மறக்க வேண்டாம். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு அது தேவையில்லை, கோயம்புத்தூர் வண்டிக்குத் தேவை. நீங்கள் நீலகிரிக்காரர் என்பது கல்லார் செக்போஸ்டில் நிற்பவருக்குத் தெரியாது, அவர் வண்டி எண்ணைத்தான் பார்ப்பார். டிரைவரிடம் பாஸ் எடுத்தாயிற்றா என்று விமான நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள், அல்லது மேட்டுப்பாளையத்தில் இறங்கி அரசு பஸ்ஸில் ஏறிவிடுங்கள். பஸ்ஸுக்குப் பாஸ் கிடையாது.